சொற்சுமை இறங்கிய வரலாறு

ஆங்கிலம் கற்கப் புகும் பிள்ளைக்கு நம் பள்ளிக்கூடங்கள் நெடுங்காலமாக முதலில் கொடுத்து வந்தது, நடுவே கோடு கிழித்த ஒரு நோட்டுப் புத்தகம். கோட்டுக்கு இடப்புறம் ஆங்கிலச் சொல், வலப்புறம் தமிழ்ப் பொருள். இரவில் அதை உருப்போட்டு, காலையில் உபாத்தியாயர் முன் நின்று ஒப்பித்து, தவறிய சொல்லுக்கு இம்போசிஷன் எழுதி, பரீட்சை முடிந்த மறு வாரமே அத்தனையையும் மறந்து போவது தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த கிரமம். இன்று சில வகுப்புகளிலேனும் பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து படச்சீட்டுகளை மாற்றிக்கொள்வதையும், ஒருவர் குறிப்புச் சொல்ல மற்றவர் சொல்லைக் கண்டுபிடிப்பதையும், தவறினால் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வதையும் காண்கிறோம். பார்ப்பவர்களுக்கு இது வெறும் விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால், பிள்ளை அச்சமின்றி, அநாயாசமாகச் சொற்களைக் கற்கும் அந்த அரை மணி நேரத்தைச் சாத்தியமாக்குவதற்காக, சொற்களை ஒவ்வொன்றாக எண்ணியும் நிறுத்தும் பார்த்துத் தம் ஆயுளைச் செலவிட்டவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுள் முதன்மையானவர் பணி செய்த இடம் வங்காளத்து டாக்கா நகரம் என்பது நம்மில் பலர் அறியாதது.

சொல்லைச் சுகமாகக் கற்பிக்கும் வழி நம்மவர்களுக்கு அடியோடு தெரியாமல் இருந்ததில்லை. திண்ணைப் பள்ளியில் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டை விருத்த ஓசையோடு பாடிப் பாடி மனத்தில் இருத்திய பிள்ளைகளுக்குச் செய்யுளின் நடையே ஞாபகத்துக்குத் துணை நின்றது. பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையும் இங்கே வழக்கத்தில் இருந்தது. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். ஆசிரியர்கள் அதை ஏற்க மறுத்தபோது ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே கீழ் வகுப்பை நடத்திக் காட்டினார். 1797-இல் லண்டனில் அவர் பிரசுரித்த சிறு நூலின் மூலம் அந்த முறை 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்து முழுவதும் பரவியது. பிள்ளைக்குப் பிள்ளை ஆசிரியராகும் வகுப்பில் அச்சம் பாதி குறைந்துவிடும் என்ற உண்மையை நம் ஊரிலிருந்து கொண்டுபோன தேசம், பின்னர் நமக்கு அனுப்பி வைத்ததோ கடினமான வாசகப் புத்தகங்களையும் அவற்றின் கீழே நீண்டு கிடந்த அருஞ்சொற் பட்டியல்களையும்தான் என்பதை நினைக்கும்போது வருத்தமாகவே இருக்கிறது.

சொற்களை எண்ண வேண்டும் என்ற எண்ணம் முதலில் மொழியாசிரியர்களுக்குத் தோன்றவில்லை. ஜெர்மனியில் சுருக்கெழுத்தாளர்களின் உபயோகத்துக்காக கேடிங் என்பவர் ஏராளமான உதவியாளர்களைக் கொண்டு சுமார் 1 கோடியே 10 லட்சம் சொற்களை எண்ணி, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கை 1897, 1898 ஆண்டுகளில் வெளியிட்டார். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் தார்ன்டைக், குழந்தை இலக்கியம், விவிலியம், பாடப்புத்தகங்கள், செய்தித்தாள்கள், கடிதங்கள் ஆகியவற்றிலிருந்து எண்ணியெடுத்த 10,000 சொற்களின் பட்டியலை 1921-இல் ஆசிரியர்களுக்காக அச்சிட்டார். அவர் கருதியது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கப் பிள்ளைகளை. அந்தப் பட்டியலின் அருமையை அந்நிய பாஷையாக ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் பொருட்டு உணர்ந்து பயன்படுத்தியவர் மைக்கேல் வெஸ்ட்.

1888-இல் பிறந்த வெஸ்ட், 1912-இல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளம் வந்தார். பின்னர் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார். அவர் கண்ட காட்சி சென்னை மாகாணத்துக் காட்சியிலிருந்து வேறுபட்டதன்று. ஆண்டுக்கணக்காக ஆங்கிலம் படித்த மாணவன் ஓர் எளிய புத்தகத்தைத் தானாக எடுத்து வாசிக்க இயலாமல் நின்றான்; படிப்பை முடிக்கும் வரை பள்ளியில் தங்கியவர்களோ மிகச் சிலர். பெரும்பாலோர் நடுவழியில் விலகினார்கள். விலகும்போது அவர்கள் கையில் எஞ்சியது ஒன்றுமில்லை. 1926-இல் வெளிவந்த, வங்காளத்து இருமொழிக் கல்வியைப் பற்றிய தம் ஆராய்ச்சி நூலில் வெஸ்ட் இந்த நஷ்டத்தைச் சுட்டுவதற்கு இன்சூரன்ஸ் வழக்கிலிருந்து ஒரு பதத்தை எடுத்துக்கொண்டார். முழுத் தவணையும் கட்டாமல் பாலிசியை இடையில் கைவிட்டவனுக்கும் சரண்டர் மதிப்பு என்று ஒரு தொகை திரும்பக் கிடைப்பதைப்போல, எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினாலும் அதுவரை கற்ற ஆங்கிலம் அந்தப் பிள்ளைக்கு ஏதேனும் ஒரு வகையில் உதவ வேண்டும் என்பது அவர் கோரிக்கை. பள்ளிக் கல்வியைப் பற்றி அந்நிய அதிகாரி ஒருவர் எழுதியவற்றுள் இவ்வளவு கருணையுள்ள சிந்தனையை நான் அதிகம் கண்டதில்லை. கடைசி வகுப்புவரை வந்து சேரும் கெட்டிக்காரனை மட்டும் மனத்தில் வைத்துப் பாடத்திட்டம் வகுக்கும் நம் இன்றைய குழுக்களுக்கும் அது பொருந்தும்.

இந்த நோக்கத்தோடு அவர் அப்போதைய வாசகங்களைப் பிரித்துப் பார்த்தார். இரண்டு குறைகள் தென்பட்டன. முதலாவது, புழக்கத்திலிருந்து விலகிய பழைய இலக்கியச் சொற்கள் மிகுதியாக நிரம்பியிருந்தமை. தீவைக் குறிக்க 'ஐலண்ட்' என்ற வழக்குச் சொல் இருக்க 'ஐல்' என்றும், ஒன்றுமில்லை என்பதற்கு 'நத்திங்' இருக்க 'நாட்' என்றும், வழி என்பதற்கு 'வே' இருக்க 'மோட்' என்றும் எழுதியிருந்தார்கள். பிள்ளை சிரமப்பட்டுக் கற்ற சொல் அவன் வாழ்நாளில் மீண்டும் அவனைச் சந்திக்காமலே போவதற்கு இடமிருந்தது. இத்தகைய சொற்களையெல்லாம் களைந்து, அடிக்கடி வழங்கும் சொற்களை அவர் அந்த இடங்களில் அமர்த்தினார். இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. புதிய சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வந்தன. ஒரு வரியில் மூன்று புதுச் சொற்களைச் சந்திக்கும் பிள்ளை, கதையை விட்டுச் சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வெஸ்ட் தம் புதிய முறை வாசகங்களில் ஒரு புதுச் சொல்லுக்கும் அடுத்த புதுச் சொல்லுக்கும் நடுவே தெரிந்த சொற்கள் பல வரும்படி இடம் விட்டு எழுதினார். நுழைந்த சொல்லை அதே பத்தியிலும் பின்வரும் பாடங்களிலும் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். பேர்பெற்ற கதைகளை அந்தச் சொல் எல்லைக்குள் அடங்கும்படி திருப்பி எழுதி, பிள்ளைகள் பாடத்துக்கு அப்பாலும் தாமாக வாசிக்க வழி செய்தார்.

இப்படி எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை எழுத முயன்றவர்களே அறிவார்கள். ஒரு கதையைத் தெரிந்த சில நூறு சொற்களுக்குள் சொல்ல வேண்டும். கதையின் சுவை கெடக் கூடாது. புதுச் சொல் தக்க சந்தர்ப்பத்தில், பொருள் தானே விளங்கும்படி வந்து நிற்க வேண்டும். அது பின்னர் எங்கெங்கே மீண்டும் வருகிறது என்ற கணக்கும் வைத்திருக்க வேண்டும். கணிப்பொறி இல்லாத காலத்தில், எழுதுகோலும் சீட்டுகளும் கொண்டு இத்தனையும் செய்தார்கள். வகுப்பில் பிள்ளை சுகமாக மூச்சுவிட்டு வாசித்த ஒவ்வொரு பக்கத்தையும் எழுதியவன் தன் மேசையில் மூச்சடக்கி உழைத்தே பெற்றிருக்கிறான்.

அதே ஆண்டுகளில், கிழக்கே ஜப்பானில் ஹாரல்ட் பாமர் வேறொரு வழியில் சென்றுகொண்டிருந்தார். பெல்ஜியத்து வெர்வியே நகரில் மொழிப்பள்ளி நடத்தி, 1914-இல் போரால் அதைவிட்டு லண்டன் திரும்பிப் பல்கலைக்கழகத்தில் போதித்துவந்த அவரை, 1922-இல் ஜப்பானியக் கல்வித் துறை ஆலோசகராக அழைத்துக்கொண்டது. மறு ஆண்டே டோக்கியோவில் ஆங்கில போதனா ஆராய்ச்சி ஸ்தாபனம் அவர் தலைமையில் தோன்றிற்று. வெஸ்டுக்கு வாசிப்பு எப்படியோ அப்படி பாமருக்குச் செவியும் நாவும். பிள்ளை முதலில் கேட்க வேண்டும், நெடுநேரம் கேட்க வேண்டும், பேசும்படி அவனை அவசரப்படுத்தக் கூடாது என்பது அவர் கொள்கை. 1925-இல் மகளோடு சேர்ந்து அவர் வெளியிட்ட, செயல் வழியே ஆங்கிலம் கற்பிக்கும் நூலை முன்வைத்து ஒரு வகுப்பை நாம் கற்பனை செய்துகொள்ளலாம். ஆசிரியர் எழுந்து நிற்கச் சொல்கிறார், பிள்ளை எழுகிறான். கதவுவரை நடக்கச் சொல்கிறார், நடக்கிறான். ஜன்னலைத் தொடச் சொல்கிறார், ஒருவன் சுவரைத் தொடுகிறான், வகுப்பு சிரிக்கிறது, அவன் திரும்பிப் பார்த்து ஜன்னலுக்கு ஓடுகிறான். அவன் வாயைத் திறக்கவே இல்லை. ஆயினும் கதவு, ஜன்னல், நட, தொடு என்ற சொற்கள் அவன் கால்களுக்கும் கைகளுக்கும் தெரிந்துவிட்டன. தவறு செய்தவனுக்கு அவமானமில்லை, ஏனெனில் திருத்தம் அவன் காலடியிலேயே இருக்கிறது. பல ஆண்டுகளுக்குப்பின், 1960-களில், அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஆஷர் உடலசைவால் மொழி கற்பிக்கும் முறையை ஆராய்ந்து பரப்பியபோது, அதன் வித்து பாமரிடம் முன்பே இருந்தது.

பேச்சே முதல் என்றவரும் வாசிப்பே முதல் என்றவரும் ஒரே மேசையில் அமர்ந்தது 1934 அக்டோபரில். கார்னகி ஸ்தாபனத்தின் பொருளுதவியோடு நியூயார்க்கில் கூடிய அந்த மகாநாட்டில் வெஸ்ட், பாமர், தார்ன்டைக் மூவரும் இருந்தார்கள். மறு ஆண்டு லண்டனில் மீண்டும் கூடினார்கள். அந்நாளில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சி. கே. ஆக்டன் 850 சொற்களே போதும் என்று 'பேசிக் இங்கிலீஷ்' என்றொரு சிறு ஆங்கிலத்தை வகுத்துப் பெரும் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். சொல் குறைவதால் மட்டும் சுமை குறைந்துவிடாது என்பதை வெஸ்ட் அப்போதே எடுத்துக்காட்டினார். பதினெட்டே வினைகளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்ல முயலும் பிள்ளை, நேரான ஒரு சொல்லைக் கற்பதைவிடக் கடினமான சுற்றுவழிகளைக் கற்க நேர்கிறது. இந்த விவாதத்தில் வெஸ்டின் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

மகாநாட்டின் விளைவாக 1936-இல் ஓர் இடைக்கால அறிக்கை வந்தது; அது விரிந்து திருந்தி 1953-இல் 'ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்' என்ற பெயரில், வெஸ்டைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. ஏறத்தாழ 2,000 சொற்கள். சாதாரண எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கை அவையே நிரப்பிவிடுகின்றன. ஒரு சொல்லின் பல பொருள்களுள் எது எத்தனை பங்கு வழங்குகிறது என்ற கணக்கும் அதில் உண்டு. ஆகவே எந்தச் சொல்லை முதலில் கற்பிப்பது என்பதோடு, அந்தச் சொல்லின் எந்தப் பொருளை முதலில் கற்பிப்பது என்றும் ஆசிரியர் அறிய முடிந்தது. இதற்கிடையே 1935-இல் வெஸ்டும் எண்டிகாட் என்பவரும் சேர்ந்து, சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டு விளக்கும் அகராதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போய், விளக்கத்தில் இருக்கும் நான்கு சொற்களுக்குப் பொருள் தேடும் அவஸ்தை அத்துடன் ஒழிந்தது. ஜப்பானில் பாமரோடு உழைத்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் சகாக்களுடன் தொகுத்து, 1942-இல் டோக்கியோவில் அச்சான அகராதியை 1948-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் மறுபதிப்பாக ஏற்றது; நம் கல்லூரி மாணவர்கள் கையில் தடித்த நூலாக இன்றும் விளங்கும் ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதி அதன் வாரிசு.

நம் மாகாணத்துக்கு இந்த அலை வந்து சேர்ந்தது 1950-களில். அமைப்புமுறைப் பாடத்திட்டம், அதாவது ஆசிரியர்கள் வாயில் வழங்கிய 'ஸ்ட்ரக்சுரல் சிலபஸ்', சென்னை ராஜ்யத்தில் 1952-இல் புகுந்தது. தரம் பிரித்த வாக்கிய அமைப்புகள், எண்ணி அளந்த சொற்கள், வாய்ப்பயிற்சி, படங்கள், மேசைமேல் வைத்துக் காட்டும் பொருள்கள் என்று அதன் உறுப்புகள் யாவும் வெஸ்டும் பாமரும் வகுத்தவையே. 1959-இல் தொடங்கிய ஒரு பெரிய பயிற்சி இயக்கம், ஆரம்ப வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு இந்த முறையைப் பழக்க முனைந்தது. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் பலருக்குத் தந்து, அந்தப் பலர் ஊர் ஊராகச் சென்று மற்றவர்களுக்குத் தரும் ஏற்பாடு அது. ஆங்கில போதனை உலகில் 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்று அதற்குப் பெயர் நிலைத்தது. அந்த முயற்சியின் அளவையும் அதில் ஈடுபட்டவர்களின் சிரத்தையையும் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆயினும் கையிலிருந்து கைக்கு மாறி மாறிச் சென்றபோது உருவம் நின்று உயிர் கரைந்தது. படத்தைக் காட்டிப் பிள்ளைகளைச் சிந்திக்க வைத்த பயிற்சி, ஆசிரியர் சொல்ல ஐம்பது தொண்டைகள் ஒருமித்துக் கூவும் 'டிரில்' ஆயிற்று. அந்தக் கூச்சலில் ஒரு பிள்ளை வாயசைத்தானா, பொருள் உணர்ந்தானா என்று அறிய முடியாது. பழைய உருப்போடுதலே புது வேஷத்தில் திரும்பி வந்தது. இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில வார வகுப்பும் ஒரு கைப்புத்தகமும் பெற்று, நெருக்கடியான அறையில் தனியே நின்றவர்கள் அவர்கள்.

1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில், பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணிபுரிந்த என். எஸ். பிரபு நடத்திய பரிசோதனை இந்தக் கோளாற்றை உணர்ந்து எழுந்தது. அவர் சொற்களையோ அமைப்புகளையோ முன்கூட்டி நிர்ணயிக்கவே இல்லை. ரயில் அட்டவணையையோ ஊர்ப் படத்தையோ வகுப்பின் முன் வைத்து, ஒரு கணக்கை விடுவிக்கச் சொன்னார். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் பேசி ஒன்றைச் செய்துகாட்ட, பிறகு பிள்ளை அதைப் போன்ற மற்றொன்றைத் தானே செய்தான். புறப்படும் நேரம், வந்து சேரும் நேரம், தூரம், கட்டணம் என்ற சொற்களெல்லாம் விடை காணும் அவசியத்தால் அவனிடம் வந்து சேர்ந்தன. மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே மொழி படிகிறது என்ற அவர் கொள்கையை 1987-இல் வெளியான நூலில் விரிவாகக் காணலாம். ஏறக்குறைய அதே காலத்தில் பல்கேரிய மனநல மருத்துவர் கியோர்கி லொசானோவ், சாய்வு நாற்காலியும் மெல்லிய சங்கீதமும் அமைந்த அறையில் சொற்களைக் கற்பித்து உலகை வியக்க வைத்தார். அவர் சார்பில் சொல்லப்பட்ட எண்ணிக்கைகளைப் பிற ஆராய்ச்சியாளர்கள் ஏற்கவில்லை. ஐம்பது பிள்ளைகள் பெஞ்சுகளில் நெருங்கி அமர்ந்த வகுப்புக்குச் சாய்வு நாற்காலி உதவாது. ரயில் அட்டவணை உதவும்.

வெஸ்ட் 1932-இல் இந்தியாவை விட்டுச் சென்ற பிறகும் அந்த நெருக்கமான வகுப்பை மறக்கவில்லை. 1960-இல், எழுபது வயதைக் கடந்தபின், சிரமமான சூழ்நிலையில் ஆங்கிலம் போதிப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். நாற்பது ஐம்பது பிள்ளைகள், இடமில்லாத பெஞ்சுகள், வெயில், தாமே ஆங்கிலத்தில் அதிகப் பழக்கமில்லாத ஆசிரியர் என்ற நிலைமையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற அப்பியாசங்களைச் சொன்னார். அவற்றுள் ஒன்று காசு செலவில்லாதது. இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே அமர்கிறார்கள். புத்தகம் மார்பளவில், சற்றே இடப்புறம் சாய்ந்து ஒருவன் கையில் இருக்கிறது. அவன் ஒரு தொடரைக் கண்ணால் வாசிக்கிறான். வாசிக்கும்போது வாய் திறப்பதில்லை. பிறகு தலையை நிமிர்த்தி, எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்து, அதை அவனிடம் பேசுவதுபோலச் சொல்கிறான். மறந்தால் மறுபடியும் குனிந்து பார்க்கத் தடையில்லை. கீழே பார்த்துக்கொண்டே சொல்வது மட்டும் கூடாது. கண்ணுக்கும் வாய்க்கும் நடுவே அந்தச் சிறிது நேரம் தொடரை மனத்தில் தாங்கி நிற்கிறானே, அங்கேதான் கற்றல் பெரும்பாலும் நிகழ்கிறது என்பது வெஸ்டின் முடிவு. ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இருபத்தைந்து பேர் ஒரே சமயத்தில் தாழ்ந்த குரலில் பேச முடிகிறது. எவனும் வகுப்பு முழுவதின் முன்னும் தனித்து நின்று நடுங்க வேண்டியதில்லை.

வெஸ்ட் 1973-இல் காலமானார். டாக்காவில் அவர் எழுப்பிய கேள்வியை இன்று நம் பாடநூல் குழுவினர் தங்களுக்குத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை புதுச் சொற்கள் புகுகின்றன, அவை அடுத்த பாடங்களில் எத்தனை முறை திரும்ப வருகின்றன என்ற கணக்கை ஆசிரியர் கைநூலில் அச்சிட்டுத் தாருங்கள். இன்று கணிப்பொறி அதை ஒரு நாழிகையில் எண்ணிக் கொடுத்துவிடும். வகுப்பாசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியது குறைவு: நாளைய பாடத்திலிருந்து மிக அவசியமான பத்துச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை இருவர் இருவராகத் திருப்பி உட்கார வையுங்கள், மற்றச் சொற்கள் அடுத்த வாரம்வரை காத்திருக்கட்டும்.